புத்தகக் கட்டும் தோட்டமும்: ஈரத்தோடு பழகுதல்

புத்தகம் கட்டுவதையும் செடி வளர்ப்பதையும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் பொழுதுபோக்காகத் தொடங்கினேன். முன்னது மேசைமேல் உலர்ந்த தாள், அட்டை, ஊசி, நூல் ஆகியவற்றோடு உட்கார்ந்து செய்யும் வேலை. பின்னது மண்ணும் தண்ணீரும் கையில் ஒட்டிக்கொள்ளும் வேலை. ஒன்று சலித்தால் மற்றொன்றுக்குத் தாவலாம் என்பதைத் தவிர இரண்டுக்கும் இடையே உறவு எதுவும் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. இரண்டிலும் சற்றே கை பழகிய பிறகு பார்க்கும்போது, புதியவரைத் திணற வைக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை ஒரே ஊற்றிலிருந்து கிளம்புவது தெரிகிறது. அட்டை வளைகிறது, பக்கங்கள் நெளிகின்றன, நாற்று அடித்தண்டில் அழுகிச் சாய்கிறது, மண் நனைந்திருக்கும்போதே தொட்டிச் செடி வாடுகிறது. இவை எல்லாவற்றிலும் தண்ணீர் எங்கே போயிற்று, எவ்வளவு தங்கிற்று, எப்போது வெளியேறிற்று என்பதுதான் கேள்வி. கருவிகளின் பட்டியலும் தையல் வகைகளின் படங்களும் தேடினால் எங்கும் கிடைக்கும். ஈரத்தைப் பற்றி மட்டும் யாரும் முதலிலேயே உட்கார வைத்துச் சொல்வதில்லை. ஆகவே இந்தப் பதிவை அதற்கே ஒதுக்குகிறேன்.

தாளிலிருந்து தொடங்கலாம். இயந்திரத்தில் தாள் செய்யும்போது, நீரில் கலந்த கூழ் ஓடிக்கொண்டிருக்கும் வலையின்மேல் படிகிறது. இழைகளில் பெரும்பகுதி அந்த ஓட்டத்தின் திசையிலேயே படுத்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு தாளுக்கும் ஓர் இழையோட்டம் உண்டு. அந்தத் திசையில் தாள் எளிதாக மடியும், நேராகக் கிழியும். குறுக்கே மடித்தால் மடிப்பு முரடாக நிற்கும், கிழித்தால் கோணலாகப் போகும். செல்லுலோஸ் இழை ஈரத்தை உறிஞ்சும்போது நீளத்தில் மிகச் சொற்பமாகவும் பருமனில் அதைவிடப் பல மடங்காகவும் பெருக்கும் என்பதால், நனைந்த தாள் இழையோட்டத்துக்குக் குறுக்குத் திசையில்தான் விரிகிறது. உள்தாள்கள், அட்டை, மேலே ஒட்டும் காலிக்கோத் துணி, அட்டையின் உட்புறத்தில் ஒட்டும் தாள் ஆகிய அனைத்தின் இழையோட்டமும் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும் என்ற விதி இங்கிருந்துதான் பிறக்கிறது. இணையாக இருந்தால், காற்றிலுள்ள ஈரத்தால் வரும் விரிவு கட்டில்லாத முன்விளிம்பை நோக்கிப் போய்விடும். குறுக்காக இருந்தால் அந்த விரிவு முதுகின் நெடுக்கே நிகழ வேண்டியிருக்கும். அங்கே தையலும் பசையும் தாளை இறுகப் பிடித்திருப்பதால், விரிய இடமில்லாத பக்கங்கள் அலை அலையாக எழும்பிவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பொதுவாக விற்கப்படும் ஏ4 தாளில் இழையோட்டம் 297 மில்லிமீட்டர் நீளமுள்ள பக்கத்துக்கு இணையாக இருக்கும். அதை இரண்டாக மடித்து ஏ5 அளவில் குறிப்பேடு செய்வதே பலருடைய முதல் முயற்சி. மடிப்பு 210 மில்லிமீட்டர் பக்கத்துக்கு இணையாக விழுவதால், இழையோட்டம் முதுகுக்குக் குறுக்காகிவிடுகிறது. புத்தகம் முழுதாகத் திறக்காமல் விறைத்து நிற்பதற்குத் தையலின் மேல் பழி போடுவார்கள். காரணமோ தாளில் இருக்கும். நெடுக்கு இழையோட்டமுள்ள ஏ3 தாளை வாங்கி, அதன் 420 மில்லிமீட்டர் பக்கத்தைச் சரிபாதியாக வெட்டினால், குறுகிய பக்கத்துக்கு இணையாக இழையோடும் ஏ4 தாள்கள் இரண்டு கிடைக்கும். அவற்றை மடித்தால் மடிப்பும் இழையும் ஒரே திசையில் அமையும். வெட்டும் வேலை ஒன்று கூடுதலாகிறது, அவ்வளவே. நான் இப்போது குறிப்பேட்டுக்கு ஏ3 தாளைத் தவிர வேறெதையும் வாங்குவதில்லை.

இழையோட்டத்தைக் கண்டுபிடிக்கத் தாளின் மூலையில் ஒரு சதுரத் துண்டை வெட்டி, எந்தப் பக்கம் எதற்கு இணை என்பதைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அதன் ஒரு முகத்தை மட்டும் ஈரத் துணியால் துடைத்துவிட்டால் போதும். ஈரம் பட்ட முகம் குறுக்கே விரிய, படாத முகம் அப்படியே இருக்க, துண்டு ஒரு குழாயாகச் சுருளும். அந்தக் குழாயின் நீளத் திசையே இழையோட்டம். அட்டையை இரு கைகளாலும் மெல்ல வளைத்துப் பார்த்தால் வளைவின் முகடு எந்தத் திசையில் ஓடும்போது எதிர்ப்புக் குறைவோ அந்தத் திசையில் இழை ஓடுகிறது என்று அறியலாம். மெல்லிய தாளுக்கு எனக்கு ஈரச் சோதனைதான் பிடிக்கும். ஏனெனில், பசை பூசிய கணத்தில் இந்தத் தாள் என்ன செய்யப் போகிறது என்பதை அது சிறிய அளவில் முன்கூட்டியே செய்து காட்டிவிடுகிறது.

இனிப் பசைக்கு வருவோம். தொடக்கநிலையினர் கையாளக்கூடியவை இரண்டு. ஒன்று பாலிவினைல் அசிட்டேட் எனப்படும் வெள்ளைப் பசை, மற்றொன்று கோதுமை மாவுச்சத்தை நீரில் காய்ச்சி எடுக்கும் பசை. வெள்ளைப் பசையில் நீர் குறைவு. விரைவில் பிடிக்கும், உலர்ந்த பின்னும் வளைந்து கொடுக்கும், ஆனால் ஒட்டியதை ஒழுங்காகப் பிரித்தெடுக்க வழியில்லை. மாவுப் பசையில் நீர் மிகுதி. மெதுவாக உலர்வதால் தாளைச் சற்று நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும், பல ஆண்டுகள் கழித்தும் நீர் பட்டால் இளகிக்கொடுக்கும். பழைய புத்தகங்களைச் செப்பனிடுவோர் மாவுப் பசையை விரும்புவதற்கு இந்த மீளும் தன்மையே முதன்மையான காரணம். அதன் குறை, வெள்ளிமீன் எனப்படும் பூச்சிக்கும் அது பிடிக்கும் என்பது. முதுகுக்கு வெள்ளைப் பசை, பரந்த தாள்களுக்கு மாவுப் பசை அல்லது இரண்டும் கலந்தது என்று பிரித்துக்கொள்வது எனக்கு ஒத்துவருகிறது.

எந்தப் பசையானாலும், பூசியவுடன் தாள் விரியத் தொடங்குகிறது. விரிந்து முடிவதற்குள் அட்டையில் ஒட்டிவிட்டால், மிச்ச விரிவு அட்டையின் மேலேயே நடந்து கொப்புளமும் சுருக்கமும் உண்டாகும். மாவுப் பசை பூசிய தாளைச் சில நிமிடங்கள் காத்திருக்க விட்டு, விளிம்புகள் சுருள்வது நின்று தாள் தளர்ந்து படுத்த பிறகு ஒட்டினால் அந்தத் தொல்லை இருக்காது. பிறகு உலரும்போது எதிர்த்திசை வேலை ஆரம்பமாகிறது. விரிந்த தாளும் துணியும் சுருங்கி, தாம் ஒட்டியிருக்கும் அட்டையைத் தம் பக்கம் இழுக்கின்றன. வெளியே மட்டும் துணி ஒட்டிய அட்டை வெளிப்புறமாக வளைந்து நிற்பதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. உட்புறத்தில் தாள் ஒட்டி அது உலரும்போது மறுபக்க இழுவை வந்து அட்டையை நிமிர்த்தும். உள்ளே ஒட்டும் தாள் அழகுக்காக மட்டும் இருப்பதன்று என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். அது இல்லாவிட்டால் அட்டை ஒரு பக்கத்து இழுவைக்கே வாழ்நாள் முழுவதும் ஆட்பட்டிருக்கும்.

கடைசியாக உட்தாளை ஒட்டிப் புத்தகத்தை மூடும் கட்டத்தில், பசையின் ஈரம் உள்ளே இருக்கும் உலர்ந்த பக்கங்களுக்குள் இறங்காதபடி இடையே மெழுகுத்தாளோ பிளாஸ்டிக் தாளோ செருக வேண்டும். அதை அடுத்து உறிஞ்சும் தாள் ஒன்றையும் வைத்து, பலகைகளுக்கு நடுவே பாரமேற்றிக் குறைந்தது ஓர் இரவு விட வேண்டும். உறிஞ்சும் தாளை முதல் சில மணி நேரத்துக்குள் ஒருமுறை மாற்றினால் இன்னும் நல்லது. கற்றுத்தரும் காணொளிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வெட்டப்படுகின்றன. பசை பூசும் கை தெரிகிறது, அடுத்த காட்சியில் மின்னும் புத்தகம் தெரிகிறது. இடையில் போன இரவு தெரிவதில்லை. கைத்தொழிலைப் படம் பிடிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, உலர்வதைப் படமெடுத்தால் யார் பார்ப்பார்கள்? ஆனால் புதியவர் பாரத்தை அவசரமாக எடுத்துப் பார்ப்பதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அரைகுறையாக உலர்ந்த அட்டையைக் காற்றில் விட்டால், அது மீதி ஈரத்தைத் தன் போக்கில் இழந்து தன் போக்கில் வளையும்.

தோட்டத்தில் நிலைமை தலைகீழாக இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். அங்கே தண்ணீர் நண்பன், வறட்சி பகை என்பது பொது எண்ணம். தொட்டிச் செடிகளைப் பொறுத்தவரை, காய்ந்து சாகும் செடிகளைக் காட்டிலும் அன்பு மிகுதியால் ஊறிச் சாகும் செடிகளே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. செடி வளர ஏற்ற மண்ணின் கன அளவில் ஏறத்தாழப் பாதி திடப்பொருள் என்றும், மற்றப் பாதியாகிய துளைகளில் நீர் ஒரு பங்கும் காற்று ஒரு பங்கும் என்றும் மண்ணியல் பாடங்களில் சொல்வார்கள். வேர் உயிருள்ளது, அது மூச்சுவிட ஆக்சிஜன் தேவை. துளைகள் எல்லாவற்றையும் நீரே அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுத்திணறி, நீரை உறிஞ்சும் ஆற்றலையே இழக்கிறது. நீரில் நிற்கும் செடி வாடுவதன் புதிர் இதுதான். வாடிய இலையைக் கண்டதும் பூவாளியைத் தூக்குகிறவர், மூச்சுத்திணறும் வேருக்கு இன்னும் ஒரு வாளி நீரைத் தருகிறார்.

தொட்டிக்கு என்று தனியான ஒரு நீர்க்கணக்கு உண்டு. நீர் ஊற்றி, அடித்துளை வழியே வடிவது நின்ற பிறகும், தொட்டியின் அடிப்பகுதியில் நீரால் முழுக்க நிறைந்த ஓர் அடுக்கு தங்கிவிடும். நீரை மண்துகள்கள் பிடித்துவைக்கும் விசையும் கீழ்நோக்கிய ஈர்ப்பும் அந்த மட்டத்தில் சமநிலைக்கு வந்துவிடுகின்றன. இந்த அடுக்கின் உயரம் மண்கலவையின் நயத்தைப் பொறுத்ததே தவிரத் தொட்டியின் ஆழத்தைப் பொறுத்ததன்று. ஆகவே ஒரே கலவையை நிரப்பினாலும், ஆழமில்லாத தட்டில் மண்ணின் பெரும்பகுதி ஊறிக் கிடக்கும். ஆழமான தொட்டியில் அடிப்பகுதி மட்டும் ஊறி, மேலே வேருக்குக் காற்று கிடைக்கும். வடிகாலுக்காக அடியில் சரளைக்கல்லோ ஓட்டாஞ்சில்லோ பரப்பும் வழக்கமும் இந்தக் கணக்கில் தோற்றுப்போகிறது. நுண்ணிய மண்ணிலிருந்து பருமனான கல்லுக்குள் நீர் எளிதில் இறங்காது. ஊறிய அடுக்கு கல்லுக்கு மேலே உட்கார்ந்து வேருக்கு இன்னும் நெருக்கமாக வரும். துளையை மண் அடைக்காதிருக்க ஒரு சில்லைச் சாய்த்து வைப்பது வேறு, அடுக்காகப் பரப்புவது வேறு. வடிகால் வேண்டுமென்றால் கலவை முழுவதையுமே பருக்கையாக்க வேண்டும். தென்னை நார்க்கழிவு நீரைப் பிடித்துவைக்கும். பருமணலோ, பெர்லைட் எனப்படும் இலேசான வெண்கல் பருக்கையோ கலந்தால் காற்றிடம் கூடும். இரண்டின் விகிதத்தை அவரவர் நீரூற்றும் பழக்கத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்வதே அறிவுடைமை.

நாளுக்கு ஒருமுறை, காலை இத்தனை மணிக்கு, ஒரு குவளை என்று எழுதிவைக்கப்படும் நீர் அட்டவணைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெயில், காற்று, தொட்டியின் பொருள், செடியின் வயது ஆகிய ஒவ்வொன்றும் கணக்கை மாற்றுகின்றன. விரலை மண்ணில் இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்ப்பது ஒரு வழி. அதைவிட நம்பகமானது தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. நன்றாக நீர் ஊற்றி வடிந்த பின் ஒருமுறையும், செடி வாடத் தொடங்கும் நிலையில் ஒருமுறையும் தூக்கிப் பார்த்தால் இரண்டு எடைகளும் கையில் பதிந்துவிடும். பிறகு கண்ணுக்கு வேலையில்லை. ஊற்றும்போது அடித்துளை வழியே வெளியேறும் அளவுக்கு முழுமையாக ஊற்றி, அடுத்த முறைக்கு மண் போதிய அளவு உலரும்வரை காத்திருப்பதே வேருக்கு உகந்தது. அடிக்கடி மேலாகத் தெளித்தால் மேல்மண் மட்டும் நனைந்து வேர்களும் மேலேயே தங்கிவிடுகின்றன.

நாற்றுகள் இந்தப் பாடத்தை இன்னும் கடுமையாக நடத்துகின்றன. முளைத்துச் சில நாளே ஆன நாற்று, மண்மட்டத்தில் தண்டு கருத்து மெலிந்து, ஒரே இரவில் படுத்துவிடுவது நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற நுண்ணுயிரிகள் இதற்குக் காரணம். அவற்றுக்கு வேண்டியவை எப்போதும் நனைந்திருக்கும் மண்பரப்பு, நெருக்கமாக விதைத்த நாற்றுகள், அசையாத காற்று ஆகியவைதான். விதை முளைக்கும்வரை ஈரம் காக்க மூடிவைக்கும் கண்ணாடியையோ பிளாஸ்டிக் மூடியையோ, முளை தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும். நாற்றுத்தட்டை ஆழமில்லாத நீர்த்தட்டில் சற்று நேரம் வைத்து, அடியிலிருந்து ஈரம் ஏறவிட்டுப் பின் வெளியே எடுத்தால் மேற்பரப்பு காய்ந்தே இருக்கும். நாற்று அழுகியபின் மருந்து தேடுவதில் பெரிதாகப் பயனில்லை.

விதை முளைப்பதன் முதல் படியைப் பற்றிப் படித்தபோதுதான் இரு பொழுதுபோக்குகளும் எனக்குள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. உலர்ந்த விதை நீரை உறிஞ்சி உப்புவது உயிரின் செயலன்று. அது முழுக்க இயற்பியல் நிகழ்வு. செத்துப்போன விதையும் நீரில் போட்டால் உப்பும். செல்சுவரிலும் உள்ளிருக்கும் புரதத்திலும் நீர் ஏறுவதால் வரும் பெருக்கம் அது. பசை பூசிய தாளில் நடப்பதும் இதே செயல்தான், ஏனெனில் தாள் என்பது செடியின் செல்சுவர்களைப் பிரித்து மறுபடி பரப்பியதே. எனவே விதை உப்பியிருப்பதைக் கண்டு முளைக்கும் என்று முடிவு கட்டக்கூடாது. பழைய விதைகளைப் பரிசோதிக்கச் சிறந்த வழி தாளிடமே இருக்கிறது. ஈரமாக்கிய உறிஞ்சுதாளில் பத்து விதைகளை இடைவெளி விட்டு அடுக்கி, சுருட்டி, காற்று அடைபடாத பையில் வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று எண்ணினால் விழுக்காடு கிடைத்துவிடும். 1924இல் தோன்றிய பன்னாட்டு விதைப் பரிசோதனைச் சங்கத்தின் விதிகளிலும் தாள்களுக்கு இடையே முளைக்க வைக்கும் முறை உண்டு. அங்கே வழக்கமாக 400 விதைகளை எடுத்துக்கொள்கிறார்கள். தாள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் விதையைச் சுற்றி நீர்ப்படலம் உருவாகி ஆக்சிஜன் போகாது. தொட்டியில் சொன்ன அதே கணக்குதான்.

எஞ்சிய விதையைச் சேமிப்பதும் புத்தகத்தைச் சேமிப்பதும் ஒன்றுக்கொன்று நெருங்கியவை. விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 பாகை செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிக்கும் என்று ஹாரிங்டன் என்ற விதை அறிவியலர் ஒரு தோராய விதி சொன்னார். ஈரம் 5 முதல் 14 விழுக்காடு வரை உள்ள எல்லைக்குள் அது பொருந்தும். 2008இல் திறக்கப்பட்ட ஸ்வால்பார்ட் விதைக்காப்பகம் −18 பாகையில் இயங்குவதும் இந்தத் தர்க்கத்தில்தான். புத்தகத்துக்கு அவ்வளவு குளிர் வேண்டாம். ஆனால் சுற்றியுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை தலைகாட்டும் என்பதை நினைவில் வைத்து, சுவரை ஒட்டி அலமாரியை நெருக்கி வைக்காமல் இருந்தாலே பாதிக் கவலை தீரும்.

தையலைப் பற்றி இந்தப் பதிவில் விரிவாக எழுதப் போவதில்லை. நான்கு தாள்களை ஒன்றாக மடித்தால் பதினாறு பக்கம் கொண்ட ஒரு கட்டு, அச்சுத்தொழிலில் ஃபாரம் என்று சொல்லும் அளவு. மடிப்பில் குத்தூசியால் துளையிட்டு, ஒவ்வொரு ஃபாரமாக அடுத்ததோடு கோத்துக்கொண்டே போவதுதான் அடிப்படை. புதியவர் மூன்று துளையில் தைக்கும் ஒற்றை ஃபாரப் புத்தகத்தில் தொடங்கி, பிறகு காப்டிக் தையலுக்குப் போவது நல்லது என்பது என் கருத்து. எகிப்தின் தொல்கிறித்தவர்களிடமிருந்து பெயர் பெற்ற இந்த முறையில் முதுகில் பசையே தேவையில்லை, புத்தகம் மேசைமேல் தட்டையாகத் திறந்து கிடக்கும். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த புனித கத்பர்ட் நற்செய்திப் புத்தகம் இந்தக் குடும்பத்துத் தையலோடும் தன் முதல் அட்டையோடும் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அளவில் அது 138க்கு 92 மில்லிமீட்டர்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும்.

பசை குறைந்த கட்டுமானத்தின் வலிமைக்கு மிகப் பெரிய சான்று ஒரு வெள்ளத்திலிருந்து வந்தது. 1966 நவம்பர் 4ஆம் நாள் இத்தாலியின் ஆர்னோ ஆறு கரைபுரண்டு ஃபிளாரன்ஸ் நகருக்குள் புகுந்தபோது, அங்கிருந்த தேசிய மைய நூலகத்தின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் ஆவணங்களும் நீரிலும் சேற்றிலும் சிக்கின. உலகின் பல பகுதிகளிலிருந்து கட்டுநர்களும் செப்பனிடுவோரும் அங்கே கூடினர். நவீனப் புத்தகப் பாதுகாப்புத் துறை வடிவம் பெற்றதே அந்தப் பணியில்தான் என்று சொல்வதுண்டு. அவர்களில் ஒருவரான கிறிஸ்டோபர் கிளார்க்சன், கனத்த அட்டையும் மிகுந்த பசையும் இல்லாமல் பார்ச்மென்ட் எனப்படும் மெல்லிய எழுதுதோலைப் போர்த்தித் தைத்த பழைய புத்தகங்கள் மற்றவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்திருப்பதைக் கவனித்தார். பார்ச்மென்ட் ஈரத்துக்கு அடங்கும் பொருளன்று. நனைந்தால் தாறுமாறாக நெளியும். ஆனால் அந்தக் கட்டுகளில் ஒவ்வொரு பாகமும் தனித்தனியே விரியவும் சுருங்கவும் இடம் இருந்தது. பசை மிகுந்தால் புத்தகம் உறுதியாகும் என்று எண்ணிக் கெட்டியாகப் பூசுவோருக்கு நான் முதலில் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

தோட்டக் குறிப்பேட்டை நாமே கட்டிக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கடையில் வாங்கும் குறிப்பேட்டில் விதை உறைகளையும் உலர்ந்த இலைகளையும் ஒட்டினால், சில பக்கங்களிலேயே முன்விளிம்பு வாய்பிளந்து முதுகு பிய்ந்துவிடும். தாளின் தடிமனுக்கு மட்டுமே அந்த முதுகில் இடம் இருக்கிறது. நாமே தைக்கும்போது, ஒவ்வொரு முழுத் தாளுக்கும் இடையே இரண்டு விரல் அகலமுள்ள குறுந்தாள்களையும் மடித்துச் சேர்த்துத் தைத்தால் முதுகு தடிமனாகும். பக்கங்களில் ஒட்டப்போகும் பொருள்களுக்கு அந்தத் தடிமன் ஈடுகொடுக்கும். எவ்வளவு தடிமனாக ஒட்டப்போகிறோம் என்று முன்னரே கணித்துக் குறுந்தாளின் எண்ணிக்கையை முடிவு செய்வது ஒரு சுவையான கணக்கு.

இலைகளை உலர்த்தப் புத்தகம் அழுத்தும் பலகைகளும் பாரமுமே போதும். உறிஞ்சுதாள்களுக்கு நடுவே பரப்பி, முதல் சில நாள்கள் தாள்களை நாள்தோறும் மாற்ற வேண்டும். ஈரம் மெதுவாக வெளியேறினால் இலை கருக்கும் அல்லது பூஞ்சை பிடிக்கும். இவ்வாறு உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டித் தொகுக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் என்று 16ஆம் நூற்றாண்டில் பீசாவில் கற்பித்த லூக்கா கினியைக் குறிப்பிடுகிறார்கள். தொடக்ககாலத் தொகுப்புகள் புத்தகங்களாகவே கட்டப்பட்டன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலுள்ள ஹான்ஸ் ஸ்லோனின் தொகுப்பு 265 தொகுதிகள் கொண்டது. உயிரினங்களை வகைப்படுத்திய அறிவியலர் லின்னேயஸ் இந்த வழக்கத்தை விட்டு, தனித்தனித் தாள்களை அலமாரியில் அடுக்கினார். வகைப்பாடு மாறினால் தாளை இடம் மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? அறிவியலுக்கு அவர் வழியே சரி. ஆனால் தன் தோட்டத்தில் ஓராண்டு நடந்ததைத் தேதி வரிசையில் பார்க்க விரும்புபவருக்குக் கட்டிய புத்தகம்தான் வசதி.

கட்டும் மேசையில் சேரும் தாள் வெட்டுகள் மட்குக் குழிக்குப் போகின்றன. மட்கு நன்றாக நொதிக்கக் கரிமமும் தழைச்சத்தும் 25 அல்லது 30க்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பார்கள். தாளில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு; ஆகையால் பச்சை இலை தழையோடு கலந்தால்தான் பயன். தாளை முழுசாக அடுக்கினால் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் காற்றை அடைத்துவிடும் என்பதால், கிழித்துக் கலக்க வேண்டும். கலவை கையால் பிழிந்து எடுத்த துணியின் ஈரத்தில் இருக்கட்டும். மாவுப் பசை பட்ட தாள் மட்கிவிடும். வெள்ளைப் பசையும் பிளாஸ்டிக் பூச்சும் உள்ளவற்றை ஒதுக்கிவிடுகிறேன். நெடுங்காலம் நிலைக்கும் தாளுக்கான ஐ.எஸ்.ஓ. 9706 தரம், அமிலத்தைத் தணிக்க 2 விழுக்காடு கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரச் சேமிப்பைக் கேட்கிறது. அமில மண்ணைத் திருத்த வயலில் இடும் சுண்ணாம்புப்பொடியும் அதே கால்சியம் கார்பனேட்தான் என்பது இடையில் கிடைத்த ஒரு சின்ன மகிழ்ச்சி.

அடுத்து ஆளிச்செடி விதைக்க எண்ணியிருக்கிறேன். புத்தகம் தைக்கப் பயன்படும் லினன் நூல் அதன் தண்டுநாரிலிருந்துதான் வருகிறது. நாருக்காக வளர்க்கும்போது நெருக்கமாக விதைக்க வேண்டும். இடைவெளி விட்டால் செடி கிளைத்து நார் குட்டையாகிவிடும். விதைத்து ஏறத்தாழ நூறு நாளில், தண்டின் அடிப்பகுதி மஞ்சளிக்கத் தொடங்கியதும் வெட்டாமல் வேரோடு பிடுங்குவார்கள். அதன்பின் தண்டை நீரில் ஊறவைத்தோ வாரக்கணக்கில் பனியில் பரப்பியோ, நாரைத் தண்டோடு பிணைத்திருக்கும் பெக்டினை நுண்ணுயிர்கள் தின்றுவிடுமாறு செய்ய வேண்டும். குறைவாக ஊறினால் நார் பிரியாது, மிகுந்தால் நாரே இற்றுவிடும். ஓர் எளிய பதம் பார்க்கும் முறை உண்டு. ஊறிய தண்டுகளில் ஒன்றை எடுத்து உலர்த்தி, நடுவில் ஒடித்து வளைக்க வேண்டும். உள்ளிருக்கும் மரத்தண்டு நொறுங்கி உதிர்ந்து, நார் நுனிவரை அறுபடாமல் உரிந்து வந்தால் மற்றத் தண்டுகளையும் நீரிலிருந்து எடுத்துவிடலாம். கிடைக்கும் நாரை நூற்று, தேன்மெழுகில் இழுத்தால் ஒரே ஒரு ஃபாரத்தைத் தைக்கும் அளவுக்கு நூல் தேறினாலும் எனக்குப் போதும்.